சொறி பட்ட கண்

கிளிஞ்சல்மேட்டில் கண் வைத்தியம் தெரியாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி ஒருவராவது இருந்து தொலைத்திருந்தால், என் தங்கை ஷர்மிளாவின் வீட்டுக்காரன் சிலம்பரசன் ஒரு வாரம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்.

அது வலையில் சொறி ஏறுகிற பருவம். சொறி என்றால் கடலில் கண்ணாடிப்பை மாதிரி மிதந்து வருமே, அந்த இழுது மீன். டிவிக்காரர்கள் ஜெல்லி மீன் என்பார்கள். வலையை இழுத்து உதறும்போது அதன் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆள் எரிச்சலில் துள்ளுவான். கண் வீங்கி மூடிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் தானாகத் திறந்துவிடும். எங்கள் ஆட்களில் இது படாதவன் எவனும் இல்லை. அதனால் சிலம்பரசன் ஒரு காலையில் வலது கண் மூடியபடி படகிலிருந்து இறங்கியபோது, யாரும் அவனை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

"சொறியா?" என்று கேட்டார்கள். "சொறிதான்" என்றான். நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இனி வைத்தியம்தானே பாக்கி.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் சங்கில் தாய்ப்பால் கொண்டுவந்து ஊற்றினாள். எதிர்வீட்டுக் காசியம்மா உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். படகுக்காரர் சொக்கநாதன், சிலம்பரசனுக்குச் சித்தப்பா முறை, அவர் படகில்தான் இவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறான், அவர் கடல் தண்ணீரில் கழுவினாலே போதும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாம் செய்தார்கள். கண் திறக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி வைத்து அடிக்கிற மாதிரி வலி என்று அவன் சொன்னபோது, "பெரிய சொறியா இருந்திருக்கும்" என்றார்கள். ஒற்றைக் கண்ணோடு மறுநாளும் கடலுக்குப் போனான்.

நான் காரைக்கால் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் பட்டினச்சேரி, அதுவும் கடற்கரைக் குப்பம்தான். சுனாமிக்குப் பிறகு நான் கடலில் கால் வைக்கவில்லை. அதற்காக என் மாப்பிள்ளை வருஷம் முழுக்க என்னைக் கிண்டல் செய்வான். "மச்சான் மழைத்தண்ணி தேங்கியிருந்தாலே ஆட்டோவைத் திருப்பிடுவாரு" என்று கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பான். எனக்கும் கோபம் வராது. அவன் அப்படித்தான். ஊரில் யார் படகு மணலில் சிக்கினாலும் தோள் கொடுக்க முதலில் நிற்கிறவன் அவன்.

ஷர்மிளா போன் செய்து, "அண்ணே, கொஞ்சம் வந்து பாரேன், எனக்கு என்னவோ சரியாப் படல" என்றாள். போனேன். சிலம்பரசன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் போனதும் ஷர்மிளா டீ கொடுத்தாள். அவன் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினான். கை டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பிடித்தது. மூடிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"ரெண்டு டம்ளர் தெரியுது மச்சான். நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷர்மிளா ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நீங்க ஏறலேன்னா நான் மட்டும் போய் டாக்டர்கிட்ட என் கண்ணைக் காட்டிட்டு வர்றேன்" என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

டவுனில் கண் டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். சிலம்பரசன் உட்கார்ந்ததுமே நோயையும் சொல்லி, காரணத்தையும் சொல்லி, மருந்தையும் அவனே சொல்லிவிட்டான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணு செவந்துச்சா?"

"இல்லீங்க."

"எரிஞ்சுதா? தண்ணியா ஊத்துச்சா?"

"இல்லீங்க. வலிதான்."

"பிறகு எப்படிங்க சொறின்னு முடிவு பண்ணீங்க?"

"மூடிக்கிச்சுல்ல டாக்டர்" என்றான்.

அவர் இமையைத் தூக்கினார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. கருவிழி மட்டும் வெளிப்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. நடுவில் இருக்கும் கருப்பு இடது கண்ணில் சின்னதாகவும் வலது கண்ணில் அகலமாகவும் இருந்தது. டார்ச் அடித்தார். இடது சுருங்கியது. வலது அசையவில்லை. டார்ச்சை அணைத்தார்.

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்று ஷர்மிளாவைப் பார்த்துச் சொன்னார். "கண்ணைத் தூக்குற நரம்பை உள்ள ஏதோ அமுக்குது. வீட்டுக்குப் போகாதீங்க. இங்கேருந்து நேரா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ஆட்டோவுல வேணாம், ஆம்புலன்ஸ்ல போங்க."

"வலை அப்படியே கெடக்குது டாக்டர், அதை..." என்று ஆரம்பித்தான்.

"வலை கெடக்கட்டுங்க" என்றார் அவர். அந்தக் குரலுக்கு அவன் அடங்கிவிட்டான்.

பாண்டிச்சேரியில் கையோடு ஸ்கேன் எடுத்தார்கள். தொடைவழியாக மருந்து செலுத்தித் தலையில் உள்ள ரத்தக்குழாய்களைப் படம் பிடித்தார்கள். மறுநாள் இளவயது டாக்டர் ஒருவர், கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், எங்கள் இரண்டு பேரையும் கட்டிலருகே நிற்கவைத்து, ஒரு தாளில் வரைந்து காட்டினார். சிலம்பரசன் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அரசலாறு பாத்திருக்கீங்கல்ல? ஆறு ரெண்டாப் பிரியுற எடத்துல தண்ணி நேரா வந்து மோதும். அங்கதான் கரை அரிக்கும். மூளைக்கு அடியில ரத்தக்குழாய்ங்க சேந்து ஒரு வளையமா இருக்கு. அந்த வளையத்துல கிளை பிரியுற முனைகள்ல ரத்தம் மோதி மோதி, செவுரு மெலிஞ்சு, இப்படிப் பை மாதிரி வீங்கும். அனியூரிசம்னு பேரு. நேரா ஓடுற எடத்துல வர்றது கொறைவு. பிரியுற எடத்துலதான் வரும்."

தாளில் வளையத்தின் ஒரு பக்கம் மொட்டு மாதிரி ஒன்று போட்டார்.

"பெரும்பாலும் வளையத்தோட முன்பக்கம்தான் வரும். இவருக்கு வந்ததுல ஒண்ணு, கண்ணைத் தூக்குற நரம்பை ஒட்டி உக்காந்திருக்கு. அது பெருத்து நரம்பை அமுக்கினதாலதான் கண்ணு மூடிச்சு. ஒரு விதத்துல நல்லதுங்க. வேற எடத்துல வந்திருந்தா வெடிக்குற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. வெடிச்சா பாதிப் பேரு பிழைக்கிறதே கஷ்டம். இது வந்த எடம்தான் இவரைக் காப்பாத்தியிருக்கு. தொடைவழியா மெல்லிசாக் கம்பி விட்டு, பைக்குள்ள சுருள் வெச்சு அடைச்சிடலாம்."

நான் பெருமூச்சு விட்டேன். ஷர்மிளா விடவில்லை. எங்கள் வீட்டில் அவள்தான் எதையும் முழுக்கக் கேட்கிறவள்.

"வந்ததுல ஒண்ணுன்னீங்களே. இன்னொண்ணு இருக்கா?"

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார்.

"இருக்குங்க. பின்பக்கம். கழுத்துவழியா வர்ற ரெண்டு குழாய் ஒண்ணாச் சேந்து மேல ஏறி, உச்சியில மறுபடி ரெண்டாப் பிரியுது. அந்த உச்சியில ஒண்ணு இருக்கு. சின்னதுதான். ஆனா வாய் அகலம், சுருள் வெச்சா நிக்காது. அதோட முக்கியமான கிளைங்க அந்தப் பையிலேருந்தே கிளம்புது. அடைச்சா அதுங்களும் அடைபட்டுப் போகும். தலையைத் திறந்து போகலாம்னா, மூச்சையும் நெனவையும் பாத்துக்குற மூளைத் தண்டுக்கு முன்னால, ரொம்ப ஆழத்துல இருக்கு. எங்க பெரிய டாக்டருங்க எல்லாரும் உக்காந்து பேசினாங்க. தொடுறதுலதான் ஆபத்து அதிகம்னு முடிவு பண்ணியிருக்காங்க. அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்."

"அது எப்ப வெடிக்கும்?"

"வெடிக்காமலேயே இவருக்கு எம்பது வயசு ஆகலாங்க. நாளைக்கும் வெடிக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"அதுக்கும் இப்படிக் கண்ணு மூடுமா? முன்கூட்டித் தெரியுமா?"

அவள் கேட்ட விதம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. கண் மூடினால் பரவாயில்லை, இரண்டு கண்ணும் மூடினாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு வரட்டும் என்பதுபோல் கேட்டாள்.

"இல்லம்மா. இப்ப இருக்குற அளவுக்கும், இருக்குற எடத்துக்கும், அது ஒண்ணும் காட்டாது" என்றார். பிறகு சிலம்பரசனிடம் திரும்பினார். "பீடியை விடுங்க. பிரஷர் மாத்திரையை விடாதீங்க. கடல் வேணாங்க. மூச்சைப் பிடிச்சு பாரம் இழுக்குற வேலை உங்களுக்கு ஆகாது. அதைவிட முக்கியம், நடுக்கடல்ல வெடிச்சா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. கரையில இருந்தீங்கன்னா ஓடிவந்து ஏதாவது செஞ்சு பாக்க நேரமாவது கெடைக்கும்."

சிலம்பரசன் தலையாட்டினான். டாக்டர் போனதும் என்னிடம், "சுருள் வெச்சா கண்ணு தெறந்துடுமுல்ல மச்சான்?" என்று கேட்டான்.

சுருள் வைத்தார்கள். நன்றாகவே வைத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் வீடு திரும்பினான். இமை உடனே திறக்கவில்லை. முதலில் கீற்றாக வெள்ளை தெரிந்தது. அப்புறம் பாதி. சித்திரை மாதம் வரும்போது முழுசாகத் திறந்துவிட்டது. டம்ளர் ஒன்றாகத் தெரிந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. காசியம்மா ஆலம் கரைத்துச் சுற்றினாள். மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டபடி வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார்கள். என் மாப்பிள்ளை சாமி முன்னால் நின்று இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடித் திறந்து எல்லோருக்கும் வேடிக்கை காட்டினான். ஷர்மிளா மட்டும் தூணோரம் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கண்மலர் உண்டு, காலுக்குக் கால் உருவம் உண்டு. மூளைக்குள்ளே பின்பக்கம் ரத்தக்குழாய் பிரிகிற உச்சிக்கு எந்த ஆசாரியும் எதுவும் அடித்து வைத்திருக்கவில்லை.

ஊருக்கு அவன் கண் கதையை மட்டும்தான் சொன்னான். மற்றதைச் சொல்லக்கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்காத குறை.

"கண்ணுதான் நோவு. தெறந்துடுச்சு. முடிஞ்சு போச்சு" என்பான்.

"டாக்டரு பின்னால ஒண்ணு இருக்குன்னு சொன்னாருல்ல மாப்ள" என்பேன்.

"பின்னால இருக்குறது பின்னாலயே இருந்துட்டுப் போவட்டும் மச்சான். எனக்குக் காட்டாத ஒண்ணை நான் எதுக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?"

டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பழக்கம். அங்கே காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டருகில் நாற்காலியில் உட்கார்ந்தான். முகூர்த்தம் இல்லாத நாளில் அந்த மண்டபத்தில் நாய்கூட வராது. சீக்கிரமே நாற்காலியை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டான்.

"அங்க காத்தே இல்ல மச்சான்" என்றான்.

அதற்குப் பிறகு சொக்கநாதன் படகில் மறுபடி ஏறிவிட்டான். ஷர்மிளா காலில் விழுந்து பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் நிலாவை விட்டு அழச் சொன்னாள். அவன் மகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனான். படகு வெளியே போனால் போனுக்கு டவர் கிடைக்காது. அவன் திரும்பும்வரை இவள் வாசலுக்கும் கடற்கரைக்குமாக நடப்பாள். தூரத்தில் படகு தெரிந்தால் அதில் எத்தனை தலை நிற்கிறது என்று முதலில் எண்ணுவாள். அவன் நிற்பது தெரிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள். ஒரு நாள் ஆட்டோவில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, என்னால முடியல. வெடிக்குறது அவர் தலையில, சாவுறது தெனமும் நானு" என்றாள். அப்போதுதான் சொக்கநாதனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சிலம்பரசன் டவுனுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். சொக்கநாதன் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். ஷர்மிளா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்ன ஆறு, கரை, பின்பக்கம், உச்சி, ஒன்று விடாமல். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி ஆயி. நான் பாத்துக்கறேன். கண்ணு லேசா மூடுற மாதிரி தெரிஞ்சாலே நான் அவனை எறக்கி விட்டுடறேன்."

"மூடாது மாமா. அதைத்தான் சொல்றேன். அதுக்குக் கண்ணு மூடாது. ஒண்ணுமே தெரியாது. வலையை இழுத்துக்கிட்டே இருப்பாரு, அப்படியே விழுந்துடுவாரு."

அவர் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அடையாளம் காட்டாத நோயை அவர் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. காற்று மாறுவதற்கு மேகம் காட்டும், மீன் வருவதற்குத் தண்ணீர் நிறம் காட்டும். இது எதையுமே காட்டாது என்றால் அந்த மனுஷன் என்னதான் செய்வார்? துணியை எஞ்சின்மேல் போட்டார்.

"எம் படகுல அவன் விழுந்தா அவன் அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது? அண்ணன் சாவும்போது அவனை எங்கிட்ட விட்டுட்டுப் போனான்" என்றார். "நீ போ ஆயி. இனிமே அவன் கடலுக்கு வரமாட்டான்."

ஷர்மிளா அழுதாள். நிம்மதியில் அழுதாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மறுநாள் விடிகாலையில் சிலம்பரசன் கரைக்குப் போனபோது படகு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அவனைக் கூப்பிடவில்லை. இவ்வளவு வருஷத்தில் நடக்காத காரியம். பக்கத்துப் படகில் கேட்டான். "ஆளு போதும்ப்பா" என்றார்கள். அதற்கு அடுத்ததிலும் அதே பதில். விசைப்படகில் சமைக்கிறதற்காவது வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். ஆள் போதும். பக்கத்து ஊர் காரைக்கால்மேட்டுக்கு நடந்துபோய்க் கேட்டிருக்கிறான். அங்கேயும் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. வெயிலேறி வீட்டுக்கு வந்தான்.

"நீ சொல்லிட்டியா?" என்று ஷர்மிளாவைக் கேட்டான்.

"சொன்னேங்க" என்றாள்.

அடிப்பான், கத்துவான், தட்டை எறிவான் என்று எதிர்பார்த்திருந்தாளாம். "சரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அந்தச் சரி தன்னை அறைவதைவிட மோசம் என்று என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் ஊர் அவனிடம் நடந்துகொண்ட முறையை நான் எப்படிச் சொல்வது? கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். எல்லோரும் நல்லவர்கள். அவன் குடத்தைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். டீக்கடை பெஞ்சில் நடுவில் இடம் விடுவார்கள். அவன் உட்கார்ந்ததும் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும். வலை கட்டுகிற இடத்தில் போய் ஊசியை எடுத்தான். "உனக்கு எதுக்குடா செரமம்" என்று அன்பாகக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். வலை கட்டுவதில் என்ன பாரம் இருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றி அரசலாற்றில் தள்ளலாம்போல் இருந்தது. அவனுடைய கிண்டலும் நின்றுவிட்டது. நான் மழையைப் பார்த்து ஆட்டோவைத் திருப்பினேன் என்று நானே வலியச் சொன்னேன். லேசாகச் சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதையே எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள், சிரித்தால் உள்ளே ஏதாவது கிழிந்துவிடுமோ என்று.

அடுத்த ஸ்கேன் எடுத்தோம். அப்படியே இருக்கிறது என்றார்கள். பெருக்கவும் இல்லை, குறையவும் இல்லை. பிரஷர் நன்றாக இருக்கிறது, இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஷர்மிளா என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, நான் அவரைக் காப்பாத்திட்டேன்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். முன்சீட்டில் அவன் ஜன்னலோரம் தலை சாய்த்துக்கொண்டு, கடலூர் தாண்டி ஓரிடத்தில் தூரத்தில் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆவணியில் ஒரு காலை. நான் தங்கை வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்க வந்திருந்தேன். சொக்கநாதன் படகு கரையேறிவிட்டது, நல்ல பாடு, வலை நிறைய மீன் என்று யாரோ சொன்னார்கள். சிலம்பரசன் எழுந்தான். "வா ஷர்மிளா, கறிக்கு ஏதாவது வாங்கிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் அவனாகக் கரைக்குக் கிளம்பியது அன்றைக்குத்தான். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டாள். நானும் பின்னால் போனேன்.

படகில் சங்கராவும் காரப்பொடியும் குவிந்து கிடந்தன. சொக்கநாதன் பெரிய மீனை ஏலத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் கறி மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் கறி மீனை ஆளுக்கு ஆள் அவரவர் கையில்தான் கொடுப்பார்கள். வலை இழுத்தவன் வந்து கையை நீட்டுவான், படகுக்காரர் போடுவார். காய்ச்சலில் வராமல் படுத்துவிட்டவனுக்கும் அவன் பங்கை எடுத்துவைத்து அவன் கையில்தான் தருவார்கள். சிலம்பரசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, பழக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

சொக்கநாதன் நிமிர்ந்து பார்த்தார். பார்வை அவன் கையில் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் பின்னால் வந்தது.

"ஷர்மிளா, கூடையைக் கொண்டா ஆயி" என்று கூப்பிட்டார்.

கூறு வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவன் வீட்டுக்கு மட்டும்தான் படகுக்காரர் அப்படிக் கூப்பிடுவார். ஏலத்துக்கு முன்னால், முதல் கூறு, பெண்சாதியின் பெயரைச் சொல்லி, அவள் கூடையில். அடுத்த பொங்கல்வரை அப்படிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். சொக்கநாதன் வேண்டுமென்று செய்யவில்லை. இந்த வீட்டுக்கு உதவ வேண்டும் என்று நினைத்திருக்கிறார். உதவி என்றால் அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

சிலம்பரசன் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

"நான் இங்கதான் நிக்கிறேன் சித்தப்பா" என்றான்.

"தெரியும் சிலம்பு" என்றார் அவர். மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

நான் ஷர்மிளாவைப் பார்த்தேன். அவள் நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. கூடையை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். சொக்கநாதனை நாறடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அசையவே இல்லை. ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று தவித்தேன். அந்த மாதிரி நேரத்தில் சிரிக்கவைக்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான், அவன்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அவன் ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன.

"கூப்பிடுறாருல்ல" என்றான். "போய் வாங்கிக்க."

பிறகு கையை இறக்கிக்கொண்டு, அவள் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.